சந்தை நகரம் என்றால் என்ன? பேன்பரி என்ற ஊரை வைத்து ஓர் எளிய விளக்கம்

இங்கிலாந்தைப் பற்றிய பயணக் கட்டுரை எதை எடுத்தாலும் இரண்டாவது பத்திக்குள் ‘அழகிய சந்தை நகரம்’ என்ற சொற்கள் வந்துவிடும். வீடு விற்கும் தரகர்களின் விளம்பரங்களிலும், தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களிலும் அதே சொற்கள்தாம். கூடவே வரும் படமும் மாறுவதில்லை. கல் பாவிய சதுக்கம், சற்றே சாய்ந்து நிற்கும் மரச்சட்டக வீடுகள், நடுவில் ஒரு தேவாலயக் கோபுரம், வாரத்துக்கு ஒரு நாள் பாலாடைக்கட்டியும் பூங்கொத்தும் விற்கும் துணிப்பந்தல் கடைகள். காலம் இந்த ஊரைத் தொடாமல் விலகிப் போயிருக்கிறது என்பதே அந்தப் படம் சொல்லாமல் சொல்லும் செய்தி.

அந்தப் படம் பெரும்பாலும் ஒப்பனை. பழமையும் அழகும் சில சந்தை நகரங்களுக்கு வாய்த்திருக்கலாம். ஆனால் ஓர் ஊர் சந்தை நகரம் ஆவது அது செய்யும் வேலையால். வேலை மாறும்போது ஊரும் மாறும். கடந்த இருநூறு ஆண்டுகளில் இங்கிலாந்தில் அந்த வேலை பலமுறை தலைகீழாக மாறியிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஊரை உன்னிப்பாகப் பார்த்தால் போதும். நான் எடுத்துக்கொள்வது ஆக்ஸ்போர்டுஷயரின் வடகோடியில், சார்வெல் ஆற்றின் கரையில் இருக்கும் பேன்பரி.

ஆங்கிலக் குழந்தைப் பாடல் ஒன்றின் வழியாக நம்மில் பலருக்கு இந்த ஊரின் சிலுவைத் தூண் பெயரளவில் தெரியும். குதிரையேறி அந்தத் தூணைப் பார்க்கப் போவதாகப் பாட்டு. ஆனால் இன்று ஊர் நடுவே நிற்கும் தூண் 1859இல் கட்டப்பட்டது; விக்டோரியா ராணியின் மகள் பிரஷ்ய இளவரசரை மணந்ததன் நினைவாக எழுப்பினார்கள். பாட்டு அதைவிடப் பழையது. ஊரின் பழைய சிலுவைகளை 1600இல் தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள் இடித்துவிட்டார்கள். உள்நாட்டுப் போரில் முற்றுகைகளைத் தாங்கிய கோட்டை 1648இல் தகர்க்கப்பட்டது. இடைக்காலத் தேவாலயத்தை 1790இல் ஊர்க்காரர்களே இடித்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். பழமையைப் பொத்திப் பாதுகாத்த ஊர் என்று பேன்பரியை யாரும் குற்றம் சாட்ட முடியாது.

தேநீர்க் கடையின் கணக்கு

ஓர் அரசு அலுவலகத்தின் எதிரே தேநீர்க் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடையின் வருமானம் தேநீரின் சுவையால் மட்டும் வருவதில்லை. மனு கொடுக்க வருகிறவர்கள், அவர்களுக்கு எழுதித் தருகிறவர்கள், காத்திருக்கிறவர்கள் ஆகியோரால்தான் கடை நடக்கிறது. பக்கத்திலேயே நகல் எடுக்கும் கடையும், சாப்பாட்டுக் கடையும் முளைக்கின்றன. அலுவலகம் ஊருக்கு வெளியே போய்விட்டால் கடைக்காரர் கூடவே போக வேண்டும், அல்லது அதே இடத்தில் வேறு கூட்டத்தைப் பிடிக்க வேண்டும், அல்லது கடையைச் சாத்த வேண்டும்.

சந்தை நகரத்தின் பொருளாதாரம் இதுதான். ஊருக்குள் வசிக்கிறவர்களை நம்பி மட்டும் அது வளர்வதில்லை. சுற்றியிருக்கும் கிராமங்களிலிருந்து ஏதோ ஒரு காரணத்துக்காக மக்கள் வந்தாக வேண்டும். அப்படி வந்து போகிற நிலப்பரப்பை இந்தக் கட்டுரையில் ‘சுற்றுவட்டாரம்’ என்று சொல்வேன்: காலையில் கிளம்பி, வேலையை முடித்துக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடிகிற தூரம் வரையுள்ள ஊர்கள். பேன்பரியின் சுற்றுவட்டாரம் மூன்று மாவட்டங்களில் பரவியிருந்தது. ஆக்ஸ்போர்டுஷயரோடு நார்தாம்ப்டன்ஷயரின் ஓரமும் வார்விக்ஷயரின் ஓரமும் சேர்ந்த இந்தப் பகுதியை உள்ளூர்க்காரர்கள் ‘பேன்பரிஷயர்’ என்றே அழைத்தார்கள். எந்த அரசாங்க வரைபடத்திலும் இல்லாத மாவட்டம் அது.

சாசனமும் 6⅔ மைலும்

சந்தை கூட்டுவது இடைக்கால இங்கிலாந்தில் யாரும் நினைத்தபடி செய்யக்கூடிய காரியமாக இருக்கவில்லை. அது ஓர் உரிமை. அரசர் தரும் எழுத்துபூர்வ அனுமதியால், அதாவது சாசனத்தால், அது கிடைக்கும். அல்லது நினைவுக்கெட்டாத காலத்திலிருந்து நடந்துவருகிறது என்று நிரூபிக்க வேண்டும். உரிமை பெற்றவர் ஒரு பிரபுவாகவோ, ஆயராகவோ, நகராட்சியாகவோ இருக்கலாம். விற்க வருகிறவர்களிடம் சுங்கம் வசூலிப்பது அவருடைய ஆதாயம். எடைக்கற்கள் சரியாக இருப்பதும், சண்டை வந்தால் உடனே தீர்ப்பதும் அவருடைய கடமை.

அந்த உரிமைக்குள் இன்னொன்றும் அடங்கியிருந்தது: பக்கத்தில் போட்டிச் சந்தை முளைத்தால் வழக்குப் போடலாம். எவ்வளவு பக்கத்தில்? பிராக்டன் என்ற 13ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞரின் பெயரில் வழங்கும் விதி 6⅔ மைல் என்கிறது, ஏறக்குறைய 10.7 கிலோமீட்டர். இந்த விசித்திரமான பின்னத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு மனிதனின் கால்கள். ஒரு நாளில் 20 மைல் நடக்கலாம் என்று வைத்து அதை மூன்றாகப் பங்கிட்டார்கள். ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வாங்கி விற்பதற்கு, ஒரு பங்கு திரும்பி வருவதற்கு. இங்கிலாந்தின் பல பகுதிகளில் சிறு நகரங்கள் ஏறத்தாழ சீரான இடைவெளியில் அமைந்திருப்பதற்கு இந்த நடைக்கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

பேன்பரியில் வியாழக்கிழமைச் சந்தை 12ஆம் நூற்றாண்டிலேயே கூடியது. அப்போது ஊர் லிங்கன் ஆயருடையது. 1554இல் மேரி ராணி தந்த சாசனம் ஊருக்குத் தன்னாட்சி நகராட்சி என்ற தகுதியையும் நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தையும் கொடுத்தது. 18ஆம் நூற்றாண்டில் அந்த இடத்துக்கு வாக்களிக்கும் உரிமை நகராட்சி உறுப்பினர்களான 18 பேருக்கு மட்டுமே இருந்தது. அவர்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தவர் நார்த் பிரபு. 1770 முதல் 1782 வரை பிரிட்டனின் பிரதமர். போர், சமாதானம் ஆகிய விஷயங்களில் மதராஸையும் பம்பாயையும் வங்காளத்தின் கவர்னர் ஜெனரலுக்குக் கீழ்ப்படுத்திய 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் அவருடைய அரசாங்கம் கொண்டுவந்தது. நம் ஊர் ஆட்சிமுறையின் ஒரு முடிச்சு, பேன்பரியின் 18 வாக்காளர்களிடமும் போய் நிற்கிறது.

சந்தை நகரம் என்பதற்கு இன்று தனியான சட்டத் தகுதி எதுவும் கிடையாது. ‘மாநகர்’ என்ற பட்டத்தை இன்றும் அரசர்தான் தர வேண்டும். ‘சந்தை நகரம்’ என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. தளர்வான பேச்சுக்கு இடம் கிடைத்தது இங்கேதான்.

இதுவரை பார்த்தது: சந்தை ஓர் உரிமை, அந்த உரிமையின் எல்லையை வகுத்தது நடைதூரம், அந்தத் தூரத்துக்குள் இருந்த கிராமங்கள்தாம் ஊரின் மூலதனம். இனி அந்த நடைதூரத்துக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்கலாம்.

படகும் பாரவண்டியும் ரயிலும்

1778இல் ஆக்ஸ்போர்டு கால்வாய் பேன்பரியை எட்டியது. 1790இல் ஆக்ஸ்போர்டு வரை போய் முடிந்தது. வார்விக்ஷயர் சுரங்கங்களின் நிலக்கரி படகில் வந்து இறங்கத் தொடங்கியது. வண்டியில் இழுத்து வருவதைவிடப் படகில் கொண்டுவருவது பல மடங்கு மலிவு. நிலக்கரி மலிந்தால் செங்கல் சூளை, மதுவடிப்பு, இரும்பு வார்ப்பு எல்லாம் சாத்தியமாகின்றன. கால்வாய் ஓரத்தில் அந்தக் காலத்தில் தொடங்கிய டூலி படகுப் பட்டறை இன்றும் இருக்கிறது, வணிக வளாகம் ஒன்றின் நடுவில் சிக்கிக்கொண்டு.

கால்வாயைவிட எனக்குச் சுவையாகப் படுவது பாரவண்டிக்காரர்களின் ஏற்பாடு. 19ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு வியாழனும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வண்டிகள் பேன்பரிக்கு வந்தன. ஒவ்வொரு கிராமத்து வண்டிக்கும் அது நிற்கும் விடுதி முற்றம் ஒன்று உண்டு. வண்டிக்காரர் சுமை தூக்குபவர் மட்டுமல்லர். கிராமத்துக்கே கொள்முதல் முகவர். ஒரு வீட்டுக்கு நூல்கண்டு, இன்னொரு வீட்டுக்கு மருந்து, மற்றொருவருக்கு ரிப்பேருக்குக் கொடுத்த கடிகாரம் என்று எல்லாவற்றையும் நினைவில் வைத்து வாங்கிப் போவார். கிராமத்தில் இருப்பவர் ஊருக்கு வராமலேயே ஊரின் வாடிக்கையாளர் ஆனார். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த வேலையைப் பஸ்கள் எடுத்துக்கொண்டன.

1850இல் இரண்டு ரயில் பாதைகள் சில மாத இடைவெளியில் வந்து சேர்ந்தன. ஒன்று பக்கிங்காம்ஷயர் ரயில்வே, மற்றொன்று கிரேட் வெஸ்டர்ன். ரயில் சிறு சந்தைகளைக் கொன்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. பாதை போகாத சந்தைகள் தேய்ந்தன. பாதை போன சந்தைகள் அவற்றின் வியாபாரத்தையும் சேர்த்து விழுங்கின. பேன்பரி விழுங்கிய பக்கத்தில் இருந்தது.

விவசாயிக்கு விற்ற ஊர், விவசாயிக்காகச் செய்யத் தொடங்கியது

1840களின் இறுதியில் பெர்ன்ஹார்ட் சாமுவல்சன் என்ற இளம் வணிகர் பேன்பரிக்கு வந்து ஒரு சிறிய பட்டறையை வாங்கினார். ஆடுமாடுகளுக்குத் தீனியாகும் டர்னிப் கிழங்கை நறுக்கும் இயந்திரம் அங்கே செய்துவந்தார்கள். அந்தப் பட்டறை சாமுவல்சனின் கையில் பிரிட்டானியா ஆலை என்ற பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது. கதிர் அறுக்கும் இயந்திரங்கள் இங்கிருந்து உலகெங்கும் போயின. அவரே பல ஆண்டுகள் பேன்பரியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

சந்தை நகரம் வேறு, தொழில் நகரம் வேறு என்று பாடப்புத்தகங்கள் பிரித்து வைக்கின்றன. பேன்பரியில் அந்தக் கோடு அழிந்துவிடுகிறது. விவசாயி வாரந்தோறும் வந்து போகும் இடத்தில்தான் அவருக்கு என்ன இயந்திரம் தேவை என்பது தெரியும், பழுதானால் சரிசெய்ய ஆள் கிடைக்கும், வாங்கியவர் பேச்சைக் கேட்டு மற்றவரும் வாங்குவார். தொழிற்சாலை சந்தையின் எதிரியாக வரவில்லை. சந்தையின் வயிற்றில்தான் பிறந்தது.

அதே தன்னம்பிக்கையில் 1857இல் ஊரில் தானிய மாளிகைகள் எழுந்தன. ஒன்று அல்ல, போட்டிக்கு இரண்டு. தானிய மாளிகை என்பது தானியத்தைக் குவித்து வைக்கும் கிடங்கு அன்று. விவசாயி ஒரு சிறிய பையில் மாதிரி மட்டும் கொண்டுவருவார். வணிகர் அதை உள்ளங்கையில் கொட்டி, கடித்துப் பார்த்து, விலை சொல்வார். மூட்டைகள் பிறகு நேராக ஆலைக்கோ ரயிலுக்கோ போகும். திறந்தவெளியில் மழையில் நனைந்துகொண்டு நடந்த பேரத்துக்குக் கூரையும் முகப்பும் கிடைத்தன.

கூரை போட்டு இருபது ஆண்டுகள் ஆவதற்குள் கீழே இருந்த தரை நழுவியது. 1846இல் இறக்குமதித் தானியத்தின் மீதிருந்த பாதுகாப்பு வரிகளை நீக்க முடிவாகியிருந்தது. அதன் முழு விளைவு 1870களில்தான் தெரிந்தது. அமெரிக்கப் புல்வெளிகளின் கோதுமை ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் வந்து குவிந்தது. ஆங்கிலேய விவசாயிக்குக் கோதுமை கட்டுப்படியாகவில்லை. பலர் உழுத நிலத்தைப் புல்லுக்கு விட்டு மாடு வளர்க்கப் போனார்கள். தானிய மாளிகைகள் வேறு வேறு வேலைகளுக்குப் போயின. அவற்றில் ஒன்றின் முகப்பு இன்று வணிக வளாகத்தின் நுழைவாயில்.

தெருவிலிருந்து ஏலக்கூடத்துக்கு

மாட்டு வியாபாரம் அதுவரை தெருவில் நடந்தது. சந்தை நாளில் வீடுகளின் வாசலில் மாடுகள் நிற்கும். கடைக்காரர்கள் கண்ணாடிகளைப் பாதுகாக்கத் தடுப்பு வைப்பார்கள். மாலையில் தெருவைக் கழுவிவிட வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் தனியாகப் பேசி, கையில் கையடித்து முடித்துக்கொள்வார்கள். என்ன விலை என்பது அந்த இருவருக்கு மட்டும் தெரியும்.

1925இல் மிட்லண்ட் மார்ட்ஸ் என்ற நிறுவனம் ஆற்றுக்கு அக்கரையில் கிரிம்ஸ்பரி பகுதியில், ரயில் நிலையத்தை ஒட்டி, ஏலச் சந்தை ஒன்றைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் தெரு வியாபாரம் முடிவுக்கு வந்தது. ஏலச் சந்தை இயங்கும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் சந்தை நகரங்களை 20ஆம் நூற்றாண்டில் தாங்கிப் பிடித்தது அதுதான்.

விவசாயி மாட்டை இறக்குகிறார். அதற்கு எண் ஒட்டி, எடைபோட்டு, வட்டமான ஏலக்கூடத்துக்குள் விடுகிறார்கள். சுற்றிலும் படிக்கட்டு இருக்கைகளில் கசாப்புக்காரர்கள், இறைச்சி வணிகர்கள், இளங்கன்று வாங்கி வளர்க்க வந்த மற்ற விவசாயிகள். ஏலம் கூறுபவர் மூச்சுவிடாமல் விலையை ஏற்றுகிறார். ஒரு தலையசைப்பு, ஒரு விரல் அசைவு போதும். ஒரு நிமிடத்துக்குள் மாடு கைமாறுகிறது. ஏல நிறுவனம் வாங்கியவரிடம் பணத்தை வசூலித்து, தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு, விற்றவருக்குக் கொடுக்கிறது.

இதில் மூன்று பேருக்கும் லாபம் இருந்தது. விலை எல்லோர் காதிலும் விழுந்ததால் விவசாயியை ஏமாற்றுவது கடினமானது. வாங்குபவருக்கு ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான உருப்படிகள் கிடைத்தன. ஏல நிறுவனம் பணத்துக்குப் பொறுப்பேற்றதால் முன்பின் தெரியாதவர்களும் துணிந்து வியாபாரம் செய்தார்கள். ரயில் பக்கத்திலேயே இருந்ததால் மாடுகள் வண்டியிலிருந்து நேராகக் கொட்டகைக்கு நடந்தன. சந்தையை ஒட்டிய அந்த மெர்ட்டன் தெரு நிலையத்தில் பயணிகள் ரயில் 1961இன் தொடக்கத்தில் நின்ற பிறகும், சரக்கு ரயில்கள் 1966 வரை ஓடின. பேன்பரியின் கால்நடைச் சந்தை ஒரு கட்டத்தில் மேற்கு ஐரோப்பாவிலேயே பெரியது என்று பெயர் பெற்றது.

ஆக, பழம்பெரும் மாட்டுச் சந்தை என்று பலர் உருகிப் பேசிய அந்த இடம், ஜாஸ் இசையும் வானொலியும் பரவிய காலத்தில் ஒரு தனியார் நிறுவனம் தொடங்கிய நவீன வியாபாரம்.

சுருங்கச் சொன்னால், தானியம் போனபோது ஊர் மாட்டைப் பிடித்துக்கொண்டது. தெரு போதாதபோது ஏலக்கூடத்துக்கு மாறியது. சுற்றுவட்டாரம் அதேதான். அது ஊருக்கு வந்த காரணம் மட்டும் வேறு.

அலுமினியமும் வெளியூர்க்காரர்களும்

1930களின் தொடக்கத்தில் பிரிட்டானியா ஆலை மூடப்பட்டது. ஏறத்தாழ அதே நேரத்தில், 1931இல், ஊரின் வடக்கே நார்தர்ன் அலுமினியம் நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இந்தத் தொழிற்சாலைக்கும் விவசாயத்துக்கும் ஒட்டும் உறவும் இல்லை. நிலம், ரயில், பர்மிங்ஹாமுக்கும் லண்டனுக்கும் இடைப்பட்ட இருப்பிடம் ஆகியவைதாம் அதை இங்கே இழுத்தன. இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்கான அலுமினியம் இங்கே உருவானதால், எதிரியின் குண்டுகளைத் திசைதிருப்ப ஊருக்கு வெளியே ஒரு போலித் தொழிற்சாலையையே எழுப்பி வைத்தார்கள்.

தொழிற்சாலைக்கு ஆள் எங்கிருந்து வந்தது? பொருளாதார மந்தத்தால் வேலை இழந்த வட இங்கிலாந்திலிருந்தும் வேல்ஸிலிருந்தும் வந்தது. பேன்பரியின் சுற்றுவட்டாரத்தை ஒருபோதும் கண்டிராத குடும்பங்கள் அவை. இந்த மாற்றத்தைக் கண்ணெதிரே ஆராய்ந்தவர் மார்கரெட் ஸ்டேசி என்ற சமூகவியலாளர். 1940களின் இறுதியில் ஊரிலேயே வசித்துக்கொண்டு ஆய்வு செய்தார். அவர் கண்டது, ஒரே ஊருக்குள் இரண்டு அளவுகோல்கள். பழைய பேன்பரிக்காரர்கள் ஒரு மனிதரை அவர் யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தேவாலயம், எந்தச் சங்கம் என்று எடைபோட்டார்கள். வந்தவர்களில் பலருக்கு இந்தக் கேள்விகளே பொருளற்றவை. என்ன வேலை, என்ன சம்பளம், எந்தத் தொழிற்சங்கம் என்பவை அவர்களுடைய கேள்விகள். சண்டை சச்சரவு பெரிதாக இல்லை. ஒருவர் உலகத்தில் மற்றவருக்கு நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

சந்தை நகரம் பற்றிய ஏக்கம் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர் என்ற படம், அப்படி அறியாதவர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் வரையப்பட்டது.

லண்டனிலிருந்து வந்த குடும்பங்கள்

போருக்குப் பிறகு லண்டனும் பர்மிங்ஹாமும் நெரிசலில் திணறின. 1952இன் நகர வளர்ச்சிச் சட்டம் ஒரு வழி சொன்னது: பெருநகரம் ஒரு சிறு நகரத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், சிறு நகரம் வீடு கட்டி, தொழிற்சாலைகளுக்கு இடம் ஒதுக்கி, பெருநகரத்தின் குடும்பங்களை ஏற்றுக்கொள்ளும், செலவில் பெருநகரமும் அரசும் பங்கேற்கும். இதற்கு ‘ஓவர்ஸ்பில்’ என்று பெயர். நிரம்பி வழிவதைப் பக்கத்துப் பாத்திரத்தில் ஏந்திக்கொள்வது. ஸ்விண்டன், பேசிங்ஸ்டோக், தெட்ஃபோர்டு என்று பல சந்தை நகரங்கள் இந்த ஏற்பாட்டில் உருமாறின. பேன்பரியும் லண்டனோடு ஒப்பந்தம் செய்துகொண்டது.

குடும்பங்களோடு தொழில்களும் வந்தன. அவற்றில் பெரியது பேர்ட்ஸ். முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் 1837இல் பர்மிங்ஹாமில் முட்டையில்லாத கஸ்டர்டு பொடியைக் கண்டுபிடித்தார். அந்த நிறுவனத்தை 1947இல் வாங்கிய அமெரிக்காவின் ஜெனரல் ஃபுட்ஸ், 1960களின் நடுவில் உற்பத்தியை பேன்பரிக்குக் கொண்டுவந்தது. அந்த ஆலை பல கை மாறி இன்றும் இன்ஸ்டன்ட் காபி தயாரிக்கிறது. காற்று வீசும் திசையைப் பொறுத்து ஊரே காபி மணக்கும்.

1930களின் தொடக்கத்தில் ஊரின் மக்கள்தொகை சுமார் 13,000. 1951இல் சுமார் 19,000. 2021 கணக்கெடுப்பில் 54,000ஐத் தாண்டிவிட்டது. தொண்ணூறு ஆண்டுகளில் நான்கு மடங்கு. மேற்கே பிரெட்ச் ஹில் போன்ற குடியிருப்புகள் புதிதாக எழுந்தன. பாகிஸ்தானிலிருந்து வந்த குடும்பங்கள் கிரிம்ஸ்பரியில் குடியேறின. 2004க்குப் பிறகு போலந்துக்காரர்கள் வந்தார்கள். இதையெல்லாம் ‘சந்தை நகரம் கெட்டுப்போன கதை’ என்று சொல்பவர்கள் உண்டு. வெளியூர்க்காரர்கள் வந்து போவதுதானே சந்தை நகரத்தின் பிழைப்பு? இம்முறை வந்தவர்கள் மாலையில் திரும்பிப் போகவில்லை.

1974இல் உள்ளாட்சிச் சீரமைப்பு வந்தபோது 1554இல் தொடங்கிய நகராட்சி கலைக்கப்பட்டு, பேன்பரி சார்வெல் என்ற பெரிய மாவட்டத்துக்குள் கரைந்தது. ஊருக்கென்று ஒரு சிறிய மன்றம் மீண்டும் கிடைக்க 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1998இல் நின்ற ஏலம்

கால்நடைச் சந்தை 1998இல் மூடப்பட்டது. ‘பைத்தியக்கார மாட்டு நோய்தான் காரணம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த நோய் மனிதர்களையும் பாதித்திருக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் அரசு 1996 மார்ச்சில் அறிவித்தது உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டனின் மாட்டிறைச்சிக்குத் தடை போட்டதும், 30 மாதத்துக்கு மேற்பட்ட மாடுகளின் இறைச்சி உணவுக்கு வராமல் நிறுத்தப்பட்டதும் உண்மை. மாட்டு வியாபாரத்துக்கு அது பலத்த அடி.

ஆனால் அடி விழுவதற்கு முன்பே உடம்பு மெலிந்திருந்தது. பேரங்காடி நிறுவனங்கள் இறைச்சியை ஏலத்தில் வாங்குவதில்லை. இத்தனை கிலோ, இந்தத் தரம், இந்தத் தேதி என்று இறைச்சிக்கூடங்கள் வழியாக விவசாயிகளோடு நேரடி ஒப்பந்தம் போடுகின்றன. ஏலக்கூடத்தின் பலமே விலை எல்லோர் காதிலும் விழுவதுதான். ஒப்பந்தத்தில் விலை தொலைபேசியில் பேசி முடிகிறது. மாடும் பண்ணையிலிருந்து நேராக லாரியில் ஏறிவிடுகிறது. ஊருக்குள் வருவதற்கு அதற்கு ஒரு காரணமும் இல்லை. அந்த நிலத்தில் வீடு கட்டினால் கிடைக்கும் பணமோ ஏலக் கமிஷனைவிட மிக அதிகம். அந்த நிலத்தில் இன்று வீடுகள் நிற்கின்றன.

மாடு போனதோடு போனது மாடு மட்டுமல்ல. சந்தை நாளில் விவசாயி வங்கிக்குப் போவார், வக்கீலைப் பார்ப்பார், உழவு இயந்திரத்துக்கு உதிரிபாகம் வாங்குவார், விடுதியில் சாப்பிடுவார். மனைவி துணி எடுப்பார். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகக் கழன்றது. எந்த ஒரு நாளையும் காட்டி ‘இன்றோடு முடிந்தது’ என்று சொல்ல முடியாது.

இப்போது அது யாருடைய சந்தை?

1991இல் லண்டனையும் பர்மிங்ஹாமையும் ஆக்ஸ்போர்டு வழியாக இணைக்கும் எம்40 நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. அது பேன்பரியின் கிழக்கு ஓரத்தை உரசிப் போகிறது. கிடங்குகள் வந்தன. கார்ப் பந்தயத் தொழில்நுட்ப நிறுவனமான புரோடிரைவ் முன்பே இங்கு வந்திருந்தது. பிறகு ஹாஸ் ஃபார்முலா ஒன் அணியும் ஐரோப்பியத் தளத்தை இங்கே அமைத்தது. லண்டனுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம் என்பதால், ஊரில் தூங்கி லண்டனில் சம்பாதிப்பவர்களும் பெருகினார்கள். நெடுஞ்சாலையை ஊரோடு இணைக்கும் ஹென்னெஃப் வே என்ற சாலை, காற்று மாசுக்காகக் கண்காணிக்கப்படும் அளவுக்கு நெரிசல் மிகுந்தது.

6⅔ மைல் என்ற பழைய கணக்கை இப்போது கார் எழுதுகிறது. அரை மணி நேரக் கார் பயணம் எவ்வளவு தூரமோ அதுதான் இன்றைய சுற்றுவட்டாரம். அந்த வட்டத்துக்குள் ஆக்ஸ்போர்டின் புறப்பகுதி, லீமிங்டன், பிஸ்டரின் ஆடம்பர ஆடைக் கடைகள் எல்லாம் வந்துவிடுகின்றன. ஒரு கிராமத்துக்குப் பத்துச் சந்தை நகரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது யாருக்கும் தனியுரிமை இல்லை. கைபேசியில் ஆர்டர் கொடுத்தால் பொருளே வாசலுக்கு வந்துவிடுகிறது. பழைய வண்டிக்காரர் செய்ததும் அதுதான். ஆனால் அவர் பொருளை வாங்கியது பேன்பரியின் கடைகளில்.

ஊரும் தனக்குத் தானே போட்டியை உண்டாக்கிக்கொண்டது. 1970களில் சதுக்கத்தின் ஓரமாகக் கட்டப்பட்ட வணிக வளாகம் பின்னர் விரிந்து காசில் கீ ஆனது. பிறகு நெடுஞ்சாலை ஓரத்தில், இலவச கார் நிறுத்துமிடத்தோடு, பேன்பரி கேட்வே என்ற இன்னொரு கடைத்தொகுதி 2015இல் திறந்தது. பெயர் பெற்ற சங்கிலிக் கடைகள் அங்கே இடம் பிடித்தன. ஊர் நடுவில் இருக்கும் வளாகத்தின் கண்ணாடிகளுக்குப் பின்னால் காலி அறைகள் கூடின. அரசு அலுவலகம் இடம் மாறினால் தேநீர்க் கடைக்கு என்ன ஆகும் என்று பார்த்தோமே, அது இங்கே சதுர அடியில் நடந்தது.

2017இல் சார்வெல் மாவட்ட மன்றம் காசில் கீ வளாகத்தையே விலைக்கு வாங்கியது. கால்வாய்க் கரையில் திரையரங்கம், ஹோட்டல், பேரங்காடி என்று புதிய பகுதியும் சேர்ந்தது. மக்கள் வரிப்பணத்தில் கடைவளாகம் வாங்குவது மன்றத்தின் வேலையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சில்லறை வணிகம் சரிந்துகொண்டிருந்த காலத்தில் அது துணிச்சலான சூதாட்டம். ஆனால் முன்னுதாரணம் இல்லாத செயல் என்று மட்டும் சொல்ல முடியாது. சந்தை நடக்கும் இடத்தைக் கையில் வைத்திருப்பது, கடைக்காரரிடம் வாடகை வாங்குவது, கூட்டம் வர வழிசெய்வது என்று ஆயரும் பிரபுவும் பழைய நகராட்சிகளும் செய்ததெல்லாம் இதுதான். அவர்களிடம் இருந்த ஒன்று மட்டும் இந்த மன்றத்திடம் இல்லை: நெடுஞ்சாலை ஓரத்தில் முளைத்த போட்டிச் சந்தை மீது வழக்குப் போடும் உரிமை. இங்கே அது இன்னும் மோசம். அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி கொடுத்ததும் இதே மாவட்ட மன்றம்தான்.